செயலாளரின் ஆண்டறிக்கை: ஜிரோனா வட்டாரச் சரளைப் பாதைகள்

பொதுக்குழு உறுப்பினர்கள் அனைவருக்கும் வணக்கம்.

வரவு செலவுக் கணக்கைப் பொருளாளர் தனியே வாசிப்பார். புதிய உறுப்பினர் பட்டியல் அறிவிப்புப் பலகையில் ஒட்டப்பட்டுள்ளது. ஆகவே இந்த அறிக்கையில் பாதைகளைப் பற்றி மட்டுமே பேசுகிறேன். ஸ்பெயினின் கதலோனியாவில் உள்ள நம் ஜிரோனா வட்டாரத்தில் கார், லாரி தொந்தரவில்லாமல் சைக்கிள் ஓட்டக்கூடிய வழிகள் எவை, எந்தப் பருவத்தில் எதில் போகலாம், எங்கே என்ன கெடுகிறது என்பதைத்தான் ஆண்டு முழுவதும் சரிபார்த்தோம். ஓட்டிப் பார்த்த எல்லோரும் ஒரே முடிவுக்கு வந்திருக்கிறோம்: தூரத்தையும் ஏற்றத்தையும் பார்ப்பதற்கு முன் மண்ணைப் பார்த்து வழியைத் தேர்ந்தெடுக்க வேண்டும்.

பழைய ரயில் தடங்கள்

நம் வட்டாரத்தின் முதுகெலும்பு இரண்டு கார்ரிலெட் பாதைகள்தான், அதாவது பழைய குட்டி ரயில் ஓடிய தடங்கள். ஓலோட்டிலிருந்து ஜிரோனாவுக்கு 54 கிலோமீட்டர். ஜிரோனாவிலிருந்து கடற்கரையில் உள்ள சான்ட் ஃபெலியு தெ கீஷோல்ஸுக்கு ஏறத்தாழ 39 கிலோமீட்டர். இரண்டிலும் ஓடியது 750 மில்லிமீட்டர் அகல குறும்பாதை ரயில். இரண்டும் 1969இல் நிறுத்தப்பட்டன. ரயில் ஏறிய சாய்வு என்பதால் குழந்தைகளும் ஏறிவிடுவார்கள். ஆனால் ஜிரோனாவிலிருந்து ஓலோட் போகிறவர்கள் ஒன்றை நினைவில் கொள்ளுங்கள்: அங்லேஸ், அமேர் வரை ஏற்றம் தெரியாது. லெஸ் பிளானெஸ் தாண்டியபின்தான் தெரியும். சுமார் 600 மீட்டர் உயரத்தில் உள்ள கோல் தென் பாஸ் கணவாய்க்குக் கடைசிப் பகுதியில் கால் வலிக்கும். முதல்முறை வருகிறவர்களை ஓலோட்டில் தொடங்கச் சொல்லுங்கள். கணவாயைத் தாண்டியபின் கிட்டத்தட்ட முழுவதும் இறக்கம்.

பலமோஸ் – பலாஃப்ருஜெல் இடையிலான குட்டி ரயில் தடம் சுமார் 6 கிலோமீட்டர்தான். மாலை நேர ஓட்டத்துக்குப் போதும். வடக்கே உள்ள ரிப்போல் – சான்ட் ஜோன் தெ லெஸ் அபதேசெஸ் – ஓகாஸ்ஸா பாதை, ஓகாஸ்ஸா சுரங்க நிலக்கரியை இறக்கிய தடம். இவை பலவற்றை இணைத்துக்கொண்டு பிரான்ஸ் எல்லையைக் கடந்து திரும்பும் பிரினெக்ஸஸ் வட்டப் பாதையின் மொத்த நீளம் 353 கிலோமீட்டர். அதில் சில பகுதிகள் வண்டிகள் ஓடும் சாலை வழியே செல்வதால் முழுவதையும் ‘போக்குவரத்து இல்லாத வழி’ என்று நம் பட்டியலில் சேர்க்கவில்லை.

இந்தத் தடங்களில் விபத்துக்கு இடம் கொடுப்பது பாதையல்ல, அது சாலையைக் கடக்கும் இடங்கள். நடுவில் நட்டிருக்கும் தடுப்புக் கம்பங்கள் கூட்டமாக ஓட்டும்போது பின்னால் வருகிறவர் கண்ணுக்குத் தெரிவதில்லை. முன்னால் போகிறவர் கையைக் காட்டி, வாய்விட்டும் சொல்ல வேண்டும். இது இனி நம் குழு ஓட்டங்களில் கட்டாயம்.

சவ்லோ என்னும் மண்

கடற்கரைப் பாதையிலும் கவாரஸ் குன்றுகளின் தெற்குச் சரிவிலும் காலின் கீழே இருப்பது சவ்லோ. கிரானைட் பாறை மக்கி உதிர்ந்த, பொன்னிறமான பருமணல். கையில் அள்ளிப் பாருங்கள்: பளபளக்கும் மைக்காத் துகள், கல்லுப்பு அளவிலான குவார்ட்ஸ் மணி, இரண்டையும் சேர்த்துப் பிடிக்கும் மெல்லிய மாவு. அந்த மாவு இருக்கும் வரை பாதை தார் போல இறுகி நிற்கும். மழைத் தண்ணீர் பாதையின் நீளவாக்கில் ஓடி மாவை அடித்துக்கொண்டு போய்விட்டால் மணிகள் மட்டும் மிஞ்சும். வளைவில் அவை டயருக்கடியில் குண்டுமணி போல உருளும். ஆகவே பாதையின் குறுக்கே சாய்வும், தண்ணீரை ஓரத்துக்குத் திருப்பும் வாய்க்கால்களும்தான் சரளைப் பாதையின் உயிர். தன்னார்வலர் நாட்களில் மண்வெட்டியோடு நாம் செய்தது பெரும்பாலும் இதுதான்: அடைத்துக்கொண்ட வாய்க்காலிலிருந்து இலைச்சருகை வாரினோம், பள்ளத்தில் மண் கொட்டவில்லை. வாய்க்காலைத் திறக்காமல் பள்ளத்தை நிரப்பினால் அடுத்த மழையே அதை எடுத்துக்கொண்டு போய்விடும்.

சவ்லோவின் பெரிய நன்மை, மழை நின்ற மறுநாளே ஓட்டலாம். அதன் பெரிய கேடு, ஈரத்தில் அது உப்புத்தாள் மாதிரி. பிரேக் கட்டைகளைத் தேய்த்துவிடும். ரெசின் கட்டைகள் ஒரே மழை நாளில் தேய்ந்து உலோகம் தொடுவதுண்டு. குளிர்காலத்துக்கு உலோகத்தூள் கலந்த சின்டர்டு கட்டைகளே நல்லது. வீடு திரும்பியதும் குறைந்த அழுத்தத் தண்ணீரால் பிரேக் கட்டைகளைப் பிடித்திருக்கும் காலிப்பரையும் செயினையும் கழுவுங்கள். அழுத்தக் குழாய் வைத்து பேரிங்கில் அடிக்க வேண்டாம்.

கவாரஸின் வடக்குப் பக்கம் பலகைக்கல். விளிம்பு கத்தி போல் இருக்கும். டயரின் பக்கச் சுவரைக் கிழிக்கும். அங்கே போகும் நாளில் டயரின் காற்றழுத்தத்தை இரண்டு மூன்று பி.எஸ்.ஐ. கூட்டுங்கள்.

கிழக்கே எம்போர்தா சமவெளியோ களிமண். தேர் ஆற்றின் கீழ்ப்பகுதியில், தோர்ரொயெல்லா சுற்றுவட்டாரத்தில், ஆப்பிள் தோட்டங்களுக்கும் நீர்ப்பாசன வாய்க்கால்களுக்கும் இடையே செல்லும் வழிகள் கோடையில் அழகு. மழை பெய்தால் குறைந்தது இரண்டு நாள் அந்தப் பக்கம் போகாதீர்கள். களிமண் வைக்கோலோடு சேர்ந்து டயருக்கும் பிரேமுக்கும் நடுவே அப்பிக்கொள்ளும். சக்கரம் நின்ற பிறகும் மிதித்தால் பின்பக்க கியர் மாற்றி (டிரெய்லியர்) சக்கரக் கம்பிகளுக்குள் இழுபட்டு, அதைத் தாங்கும் ஹேங்கர் ஒடியும். உடனே இறங்கி, புல் ஓரமாகத் தள்ளிக்கொண்டு போவதே வழி. டயருக்கு இருபுறமும் 6 மில்லிமீட்டராவது இடைவெளி வேண்டும். ஒவ்வொரு பிரேமுக்கும் ஹேங்கர் வேறு. அவரவர் வண்டிக்கு உரியதைப் பையில் வைத்திருங்கள்.

நெருஞ்சி

சங்கத்தின் பழுதுபார்ப்பு நாட்களில் நாம் அடைத்த பஞ்சர்களில் பெரும்பாலானவை நெருஞ்சி முள்ளால் வந்தவை. ஆம், நம் ஊர் நெருஞ்சியேதான். மத்தியதரைக் கடல் ஓரத்திலும் அதே செடி, அதே மஞ்சள் பூ. காய் ஐந்தாகப் பிளந்து உதிரும், ஒவ்வொரு துண்டிலும் இரண்டு நீள முட்கள். எப்படி விழுந்தாலும் ஒரு முள் மேலே பார்த்தபடி நிற்கும். பாதையின் நடுவில் அது வளராது. மிதிபட்டு மொட்டையான ஓரங்கள், வண்டி நிறுத்துமிடங்கள், ரயில் நிலைய முற்றங்கள், இவைதான் அதன் இடம். ஆகஸ்டு முதல் அக்டோபர் வரை அங்கே சைக்கிளை உருட்டாதீர்கள், தூக்கிக்கொண்டு போங்கள்.

டியூப்லெஸ், அதாவது உள் டியூப் இல்லாத டயர், இல்லாமல் இந்த வட்டாரத்தில் கோடையைக் கடப்பது சிரமம். 40 மில்லிமீட்டர் டயருக்கு முதலில் ஓட்டையை அடைக்கும் திரவமான சீலன்ட் 60 மில்லிலிட்டர் ஊற்றுங்கள். குளிர்காலத்தில் மூன்று மாதத்துக்கு ஒருமுறையும், கோடையில் ஆறு முதல் எட்டு வாரத்துக்கு ஒருமுறையும் 30 மில்லிலிட்டர் சேர்க்க வேண்டும். வெயிலில் அது காய்ந்து ரப்பர் தோலாகிவிடும். சக்கரத்தைக் காதருகே வைத்துக் குலுக்கிப் பாருங்கள். சளசளப்புக் கேட்கவில்லை என்றால் தீர்ந்துவிட்டது என்று பொருள். முள்ளைப் பிடுங்கும்போது ஓட்டை கீழே இருக்குமாறு சக்கரத்தைத் திருப்பிக்கொள்ளுங்கள், சீலன்ட் அங்கே வந்து தேங்கும். 75 கிலோ எடையுள்ளவர் காற்றழுத்தத்தை முன்னால் 28, பின்னால் 31 பி.எஸ்.ஐ. என்று தொடங்கலாம்.

பருவமும் பாதுகாப்பும்

கோடையில் வெயிலை விட முக்கியமானது காட்டுத்தீ அபாயம். கதலோனியாவில் மார்ச் 15 முதல் அக்டோபர் 15 வரை காட்டிலும் அதைச் சுற்றி 500 மீட்டருக்குள்ளும் தீ மூட்டத் தடை. காட்டுத்தீ அபாயத்தை நிலைகளாக அறிவிக்கும் ஆல்ஃபா திட்டத்தில் நான்காம் நிலை அறிவித்தால் மலைத்தொகுதிக்குள் நுழைவே மூடப்படும். அதனால் கவாரஸ் ஓட்டம் எதுவானாலும் முந்தின மாலை அபாய வரைபடத்தைப் பார்த்த பிறகே உறுதி செய்கிறோம். கோடைத் தொடக்கத்தில் கார்க் ஓக் மரங்களில் பட்டை உரிப்பார்கள். ஒரு மரத்தில் 12 முதல் 14 ஆண்டுக்கு ஒருமுறை. அந்த வாரங்களில் ஆளில்லாத காட்டு வழியிலும் லாரி எதிரே வரும். அது அவர்கள் பிழைப்பு, நாம்தான் ஒதுங்க வேண்டும்.

இலையுதிர்காலம் முதல் குளிர்காலம் முடியும் வரை வாரக் கடைசிக் காலைகளில் காட்டுப்பன்றி வேட்டை. ‘பதூதா’ (விரட்டு வேட்டை) என்று எழுதிய பலகை பாதையில் நின்றால் திரும்பிவிடுங்கள். துப்பாக்கிச் சத்தம் தூரத்தில் கேட்கிறது என்று தொடர்வது தவறு. நாய்கள் பன்றியை எந்தப் பக்கம் விரட்டும் என்று யாராலும் சொல்ல முடியாது.

தனியார் நில வழிகளில் குறுக்கே கட்டியிருக்கும் சங்கிலி இன்னொரு ஆபத்து. வெயிலிலிருந்து மர நிழலுக்குள் இறங்கும்போது கண் பழகுவதற்குள் அது கைப்பிடி உயரத்தில் நிற்கும். ஓடைகளின் கான்கிரீட் தாம்போதிகளில் படரும் மெல்லிய பச்சைப் பாசியும் அப்படியே: பிரேக் பிடிக்காமல், கைப்பிடியைத் திருப்பாமல், நேராகக் கடக்கவும். எம்போர்தாவில் டிராமொன்டானா என்னும் வடக்குக் காற்று அடிக்கும் நாளில் வடக்கே தொடங்கித் தெற்கே முடியுங்கள். ஊற்றுகளில் ‘சுத்திகரிக்கப்படாத நீர்’ என்ற பலகை இருந்தால் குடிக்க வேண்டாம். கோடையில் ஆளுக்கு இரண்டு லிட்டர் கையிருப்பு வேண்டும்.

வரும் ஆண்டு

செயற்குழு மூன்று தீர்மானங்களை உங்கள் முன் வைக்கிறது. ஒன்று, நம் ஜிபிஎக்ஸ் வழித்தடக் கோப்புகள் ஒவ்வொன்றிலும் மண் வகையையும் கடைசியாகச் சரிபார்த்த மாதத்தையும் குறிப்பது. இரண்டு, யாரும் திருத்தக்கூடிய இணைய வரைபடமான ஓப்பன்ஸ்ட்ரீட்மேப்பில் பாதைத் தரம், தரைவகை, பூட்டிய கதவுகள் ஆகியவற்றைத் திருத்துவது. செயலிகள் காட்டும் தவறான வழிகள் பல இந்த விவரங்கள் இல்லாததால் வருபவை. மூன்று, அக்டோபர் மழைக்கு முன்பே வாய்க்கால் வாரும் நாளை வைப்பது. சென்ற முறை மழைக்குப் பிறகு போய், செய்ய வேண்டிய வேலையில் பாதியைத்தான் செய்ய முடிந்தது. மண்வெட்டியும் கையுறையும் சங்கத்தில் உள்ளன. வாரித் தள்ளப் பல்லுள்ள வாரி இரண்டு கூடுதலாகத் தேவை. கொடுக்க முடிந்தவர்கள் கூட்டம் முடிந்ததும் பொருளாளரிடம் சொல்லவும்.

செயலாளர்