சிமெண்ட் மூட்டைக்குக் கூடுதலாகக் கொடுத்தவர்களுக்கு என்ன வழி? போட்டி ஆணையத்துக்கு ஒரு திறந்த மடல்

இந்தியப் போட்டி ஆணையத்தின் தலைவருக்கும் உறுப்பினர்களுக்கும் வணக்கம்.

வீடு கட்டுகிற யாரை வேண்டுமானாலும் கேட்டுப் பாருங்கள். திங்கட்கிழமை மூட்டைக்கு இருபது ரூபாய் ஏறுது என்று கடைக்காரர் சனிக்கிழமையே சொல்லிவிடுவார், சரி வேற பிராண்ட் கொடுங்க என்றால் "எல்லாக் கம்பெனியும்தான் சார் ஏத்துறாங்க" என்பார். விலை ஒன்றாக இருப்பது மட்டுமே குற்றம் ஆகாது, அது எங்களுக்கும் தெரியும். உள்ளுக்குள் பேசிவைத்து ஏற்றினார்களா என்பதுதான் கேள்வி. அதைத் தோண்டிப் பார்க்க எங்களால் முடியாது, சந்தையில் நிறுவனங்கள் போட்டியைக் கெடுக்காமல் பார்த்துக்கொள்ளும் ஆணையமான உங்களால் முடியும்.

2012 ஜூனில் அதைச் செய்தும் காட்டினீர்கள். கட்டுமான நிறுவனங்களின் சங்கம் 2010-இல் கொடுத்த புகாரில் 11 சிமெண்ட் நிறுவனங்களுக்குச் சுமார் 6,300 கோடி ரூபாய் அபராதம் போட்டீர்கள். உற்பத்தியாளர் சங்கக் கூட்டங்களை ஒட்டி விலை ஏறியதையும், ஆலைகள் திறனுக்குக் குறைவாக உற்பத்தி செய்ததையும் அந்த உத்தரவில் எழுதினீர்கள். அப்புறம் என்ன ஆச்சு? இறுதி வாதத்தைக் கேட்காத ஆணையத் தலைவர் உத்தரவில் கையெழுத்துப் போட்டிருக்கிறார் என்று 2015-இல் அப்போதிருந்த போட்டி மேல்முறையீட்டுத் தீர்ப்பாயம் அதை ரத்து செய்தது. இது தவிர்த்திருக்க வேண்டிய தவறு, இதை நான் கோபமாகத்தான் எழுதுகிறேன். 2016-இல் மறுபடி விசாரித்து அபராதம், 2018-இல் தேசிய நிறுவனச் சட்ட மேல்முறையீட்டுத் தீர்ப்பாயமும் அதை உறுதி செய்தது, பிறகு வழக்கு உச்ச நீதிமன்றத்துக்குப் போனது.

அபராதம் வசூலானாலும் அது அரசு கஜானாவுக்குத்தான் போகும். கூடுதல் விலை கொடுத்துக் கடன் வாங்கி வீடு கட்டினவருக்கு அதில் ஒரு ரூபாய் வராது. அவர் நஷ்டஈடு கேட்கப் போட்டிச் சட்டத்திலேயே 53-என் என்று ஒரு பிரிவு இருக்கிறது, ஒரே மாதிரி பாதிக்கப்பட்ட பலருக்காகச் சிலர் சேர்ந்துகூடத் தீர்ப்பாயத்தில் மனுப் போடலாம். ஆனால் இது எத்தனை பேருக்குத் தெரியும்? மேஸ்திரிக்குத் தெரியுமா, கடைக்காரருக்குத் தெரியுமா?

அதனால் கேட்கிறேன். நிறுவனங்கள் பேசிவைத்து விலை ஏற்றும் கூட்டணி பற்றி நீங்கள் உத்தரவு போடும்போதெல்லாம் தமிழிலும் மற்ற மொழிகளிலும் ஒரு பக்கம் வெளியிடுங்கள். எந்தப் பொருள், எந்த மாதங்கள், எந்த மாநிலங்கள், நஷ்டஈட்டுக்கு எப்போது, எங்கே மனுப் போடுவது என்று நேராகச் சொல்லுங்கள். பாதிப் பேர் துண்டுச் சீட்டில் கணக்கு எழுதி வாங்கித்தான் சிமெண்ட் எடுக்கிறார்கள், அந்தச் சீட்டு சாட்சியமாக நிற்குமா, பில்லை எத்தனை வருடம் பத்திரமாக வைக்க வேண்டும் என்பதையும் அதிலேயே சேர்த்துவிடுங்கள்.