எகிப்தின் தஹாபில் இருக்கும் மகளுக்கு

அன்பு மகளுக்கு,

இங்கே எல்லோரும் நலம். நீ அனுப்பிய வீடியோவை அம்மா தெருவுக்கே காட்டிவிட்டாள். சங்கு குளித்தவன் மகள் செங்கடலில் குளிக்கிறாள் என்று பெரியப்பா கடைத்தெருவில் பேசுகிறாராம்.

நானும் பார்த்தேன், பலமுறை. பெல்ஸ் பாறை இடுக்கில் தலைகீழாக இறங்கி, 27 மீட்டரில் வெளியே வந்து, பவளச் சுவரை வலது தோள் பக்கம் வைத்துக்கொண்டு ப்ளூ ஹோல் என்ற ஆழ்குழிக்கு நீந்தினாய். நம் கடலில் எட்டுப் பாகம், ஏறக்குறைய 15 மீட்டர், தண்ணீருக்கு எவ்வளவு தூரம் வல்லத்தில் போக வேண்டும்! அங்கே கரையிலிருந்து இறங்கினாலே காலுக்குக் கீழே நூற்றுக்கணக்கான மீட்டர். அதுதான் எனக்குப் பிடிக்கவில்லை. தரை தெரிந்தால் குளியாள் தானாக நிற்பான். தரையே இல்லாத இடத்தில் யார் நிறுத்துவது?

அந்தக் குழியில் 56 மீட்டர் ஆழத்தில் இருக்கும் பாறை வளைவுப் பக்கம் போகாதே. அங்கே இறந்தவர்களுக்காகக் கரைப் பாறையில் பதித்த பெயர்ப்பலகைகளை நீதான் காட்டினாய். ஆழத்தில் ஏறும் நைட்ரஜன் போதை கெட்டிக்காரி, முட்டாள் என்று பார்க்காது. மேலே வரும்போது அவசரப்படாதே, 5 மீட்டரில் மூன்று நிமிடம் நில். மாதா திருவிழாவுக்கு வருவதானால் கடைசிக் குளிப்புக்கும் விமானத்துக்கும் நடுவே 18 மணி நேரமாவது விடு. அவசரப்படாதே.

பதினொரு நாளாக உன்னிடமிருந்து போன் இல்லை. வேலை இருக்கும். அம்மாவிடம் அப்படித்தான் சொல்லி வைத்திருக்கிறேன்.

வீடியோவின் கடைசியில் கரையேறி சிலிண்டரைக் கழற்றுகிறாய் அல்லவா? இடது கையைத் தூக்கவில்லை. உடம்பைச் சாய்த்து, வாரை வலது கையால் நழுவ விட்டாய். பிறகு சிரித்தாய். அம்மா சிரிப்பைப் பார்த்தாள்.

என் முழங்கால் ஸ்கூட்டரில் விழுந்து கெட்டதல்ல, மகளே. கம்ப்ரஸர் குழாயைக் கடித்துக்கொண்டு, டீசல் வாடையோடு காற்றை இழுத்து, ஒரே நாளில் ஐந்து முறை 11 பாகம் இறங்கினேன். பை நிறையச் சங்கு. அந்தச் சந்தோஷத்தில் கடைசி முறை நிற்காமல் ஏறிவிட்டேன். ராத்திரி எலும்புக்குள் யாரோ துளையிடுவதுபோல் இருந்தது. வலி என்று சொன்னால் அடுத்த நாள் வல்லத்தில் ஏற்ற மாட்டார்கள். ஸ்கூட்டர் கதை அப்படி வந்தது.

அன்று நான் வாயைத் திறந்திருந்தால் உன் சித்தப்பா மறுவாரம் அதே குழாயோடு இறங்கியிருக்க மாட்டான். திண்ணையில் அவனுக்குச் சோறு வைக்கும் ஒவ்வொரு முறையும் அதைத்தான் நினைக்கிறேன். அவனிடமும் இன்றுவரை சொல்லவில்லை.

ஷார்ம் எல் ஷேக்கில் இந்த வலிக்கு வைத்தியம் செய்யும் அழுத்த அறை இருக்கிறது. தஹாபிலிருந்து காரில் போய்விடலாம். பணம் பற்றி யோசிக்காதே, சங்கத்தில் போட்டது இருக்கிறது. நாள் கழிந்துவிட்டது என்று விட்டுவிடாதே. தோள் எப்படி இருக்கிறது என்று எனக்கு மட்டும் எழுது. அம்மாவுக்குத் தெரிய வேண்டாம்.

அப்பா