அந்த இரவு டியூட்டி சிஸ்டருக்கு
சிறுநீர்த் தொற்று ரத்தத்தில் பரவி, அம்மாவை ஐசியூவில் சேர்த்த இரவு. பிபி 70/40. சலைன் ஏற்றியும் ஏறவில்லை. அப்புறம் நார்அட்ரினலின் தொடங்கினார்கள். தளர்ந்துபோன ரத்தக்குழாய்களை இறுக்கிப் பிடிக்கும் மருந்தாம்.

சிஸ்டர், உங்கள் பெயர் எனக்குத் தெரியாது. மாஸ்க்குக்கு மேலே கண்களை மட்டும்தான் பார்த்தேன். பம்பில் மருந்து தீரும் முன்பே அடுத்த சிரிஞ்சை நிரப்பி, பக்கத்துப் பம்பில் தயாராக வைத்தீர்கள். ஏன் என்று கேட்டேன். "இது சில நிமிஷம்தான் உடம்புல நிக்கும். இடைவெளி விட்டா பிபி சட்டுனு இறங்கிடும்" என்றீர்கள். கையில் ஏறும் மருந்து ரத்தக்குழாய்க்கு வெளியே கசிந்தால் தோலே கருகிவிடுமாம். அதற்காக டார்ச் அடித்து அம்மாவின் கையைத் தடவித் தடவிப் பார்த்தீர்கள். சில்லிட்டுப் போயிருந்த விரல்களை யாரும் சொல்லாமலே போர்வைக்குள் வைத்து மூடினீர்கள். அந்தக் காட்சி என் கண்ணிலேயே நிற்கிறது.

விடியற்காலையில் சராசரி ரத்த அழுத்தம், எட்ட வேண்டிய அளவான 65ஐத் தாண்டியது. டியூட்டி முடிந்தும் போகாமல், வெளியே நின்ற என்னைத் தேடி வந்து சொன்னீர்கள். அழுகையில் நன்றி சொல்லக்கூட எனக்கு வாய் வரவில்லை.

அம்மா இப்போது வீட்டில் நடமாடுகிறார். உங்கள் குரலைக் கேட்க வேண்டுமாம். இது உங்கள் கண்ணில் பட்டால் ஒரு வரி எழுதுங்கள், சிஸ்டர்.