கேபிளில் பிறந்த நட்பு

ஆசிரியர் அவர்களுக்கு,

கற்பனை உயிரினங்களைப் பிடித்துச் சேர்க்கும் போக்கிமான் வீடியோ விளையாட்டை வெறும் வியாபாரம் என்று ஒதுக்குவதை என்னால் ஏற்க முடியவில்லை. அந்த உயிரினங்களின் படம் போட்ட அட்டைகளுக்குக் கண்டபடி விலை வைப்பதைக் கண்டியுங்கள், சரி. ஆனால் விளையாட்டு பிறந்த இடம் வேறு.

அதை உருவாக்கிய சதோஷி தாஜிரி, டோக்கியோ புறநகரான மச்சிதாவில் பூச்சி பிடித்து வளர்ந்தவர். வயலும் குளமும் கட்டடங்களாகிப் போக, அந்த இன்பம் அடுத்த தலைமுறைக்கும் கிடைக்க வேண்டுமென்று விரும்பினார். 1996இல் கேம் பாய் என்ற கையடக்க விளையாட்டுக் கருவிக்கு ரெட், கிரீன் என இரு பதிப்புகள் வந்தன. சில உயிரினங்கள் ரெட்டில் மட்டும், சில கிரீனில் மட்டும்தான் கிடைக்கும். எக்கன்ஸ் என்ற பாம்பு வேண்டுமென்றால், கிரீன் வைத்திருக்கும் பையன் ரெட் வைத்திருப்பவனைத் தேடிப் போயே ஆக வேண்டும். இரு கருவிகளையும் கேபிளால் இணைத்து மாற்றிக்கொள்வார்கள். கடாப்ரா என்ற உயிரினமோ, இன்னொருவர் கைக்குப் போனால்தான் அலகசாம் என்ற அடுத்த வடிவமாக வளரும். எவ்வளவு அழகான யோசனை! போட்டியில் தோற்கும் உயிரினமும் சாவதில்லை, மயங்கித்தான் விழுகிறது.

எல்லாவற்றையும் சேர்க்க ஆசைப்படும் குழந்தைக்கு ஒரு நண்பன் கட்டாயம் தேவைப்படுகிறான். போக்கிமானின் ஈர்ப்பு எனக்குத் தெரிந்து இதில்தான் இருக்கிறது.

– ஒரு வாசகி, சேலம்