வாசகர் வட்டம்: செயலாளரின் ஆண்டறிக்கை

தலைவர் அவர்களுக்கும் பொதுக்குழுவுக்கு வந்திருக்கும் உறுப்பினர்களுக்கும் வணக்கம்.

பொங்கல் விழா, பிள்ளைகளுக்கான திருக்குறள் ஒப்புவித்தல் போட்டி, நவராத்திரிக் கொலு மூன்றும் கொல்கத்தா லேக் மார்க்கெட் பகுதி அன்பர்களின் உதவியால் வழக்கம்போல் நடந்தேறின. நூலக அலமாரிகளுக்குக் கரையான் மருந்து அடிக்கப்பட்டது.

இனி, தொல்லியலாளரும் வங்காளி நாவலாசிரியருமான ராக்கல்தாஸ் பானர்ஜியின் நூல் வாசிப்பு. "தமிழ் வாசகர் வட்டத்தில் வங்காளத்துக்காரர் நாவல் எதற்கு?" என்று சென்ற பொதுக்குழுவில் கேட்டவர்களுக்குப் பதில் சொல்ல வேண்டியது என் கடமை. கொல்கத்தாவில் குடியிருந்துகொண்டு அவரைப் படிக்காமல் இருப்பதுதான் நமக்குக் குறை.

1885-இல் முர்ஷிதாபாத் மாவட்டத்துப் பஹரம்பூரில் பிறந்தவர். 1910-இல் கொல்கத்தா இந்திய அருங்காட்சியகத்தின் தொல்லியல் பிரிவில் சேர்ந்தார். மொகஞ்சதாரோவில் எல்லோரும் பௌத்த ஸ்தூபியைப் பார்த்தபோது, 1922-இல் அங்கே அகழ்ந்து, கிடைத்த முத்திரைகளைக் கொண்டு அந்த நகரம் புத்தருக்கும் வெகுகாலம் முந்தையது என்று கண்டுகொண்டவர். 1924 செப்டம்பரில் அந்தச் சிந்துவெளி நாகரிகத்தை உலகுக்கு அறிவித்தவர் தொல்லியல் துறைத் தலைவர் ஜான் மார்ஷல். ராக்கல்தாஸ் எழுதி வைத்த அகழாய்வு அறிக்கையோ 1984-இல்தான் நூலாக வந்தது. அவர் 1930-லேயே, 45 வயதில், காலமாகிவிட்டார். இதைப் படித்த அன்று கூட்டத்தில் வெகுநேரம் யாரும் பேசவில்லை.

வங்க எழுத்தின் தோற்றத்தை ஆங்கிலத்தில் ஆராய்ந்து எழுதிய அவரே, கல்வெட்டு படிக்கத் தெரியாத சாதாரண வாசகனுக்காக வங்காளியில் நாவலும் எழுதினார். வடமொழிக் கவி பாணரும் சீனப் பயணி யுவான் சுவாங்கும் பழித்த, பழைய வங்கமான கௌட நாட்டு மன்னன் சசாங்கனை நாயகனாக்கிய 'சசாங்க' நாவலை ராமச்சந்திர சுக்ல இந்தியில் பெயர்த்தார். பால வம்ச அரசர் காலத்துக்கு 'தர்மபால்', போர்த்துகீசியர் வங்கத்தில் ஆடிய ஆட்டத்துக்கு 'மயூக்'. ஆனாலும் என் மனம் நின்றது 'பாஷாணேர் கதா' (கல்லின் கதை) நாவலில்தான். அதில், இன்றைய மத்தியப் பிரதேசத்தில் இருந்த பார்ஹுத் என்ற பழைய பௌத்த ஸ்தூபியின் கல்லொன்று தன் கதையைத் தானே சொல்கிறது.

அந்தப் பார்ஹுத் கற்கள் நம் ஊர் இந்திய அருங்காட்சியகத்திலேயே இருக்கின்றன. மூத்த உறுப்பினர் ஒருவர் நாவலை வங்காளியில் வாசித்துத் தமிழில் சொல்லிவர, முடிவில் எல்லோருமாக அங்கே போவதென்று ஏற்பாடு. செம்மணற்கல் வேலியில், புத்தருக்காக ஜேதவனத் தோட்டத்தை வாங்கிய காட்சியைக் காட்டும் வட்டச் சிற்பத்தின் முன் வெகுநேரம் நின்றோம். மாட்டு வண்டி, அவிழ்த்துவிட்ட மாடுகள், தோட்டத்தின் விலையாகத் தரையில் பக்கம்பக்கமாகப் பரப்பிய சதுரக் காசுகள், அடியில் பிராமி எழுத்து. இந்தக் கற்களை அன்றாடம் பார்த்து வேலை செய்தவரின் நாவல் இது என்பது அப்போது எல்லோருக்கும் விளங்கியது.

எல்லோருக்கும் என்றால் வந்தவர்களுக்கு. பெயர் கொடுத்தவர்களில் பாதிப்பேர் வரவில்லை. வரமுடியாதென்று ஒரு போன்கூட இல்லை. இடம் கருதி வேறு சிலருக்கு மறுப்புச் சொல்லியிருந்தேன் என்பதை வருத்தத்தோடு பதிவு செய்கிறேன். சந்தாவும் அப்படியே. கொலுச் சுண்டலுக்கு முன்வரிசையில் நிற்கிற சிலரிடமிருந்து போன ஆண்டுச் சந்தாவே இன்னும் வரவேண்டும். பெயர் சொல்ல விரும்பவில்லை.

வரவு செலவு ஏறக்குறையச் சரிக்குச் சரி. விவரம் பொருளாளரின் ஏட்டில் இருக்கிறது, தணிக்கையாளரும் பார்த்துவிட்டார். தலைவர், செயற்குழுவினர், கூடம் தந்து உதவிய அன்பர், காபி போட்டுத் தந்த மகளிர் அணியினர் அனைவருக்கும் நன்றி.

அடுத்த ஆண்டு பற்றி ஒளிக்காமல் சொல்கிறேன். 'பாஷாணேர் கதா'வை மூத்த உறுப்பினர் கூட்டத்தில் வாய்மொழியாகத் தமிழில் சொன்னதை இரண்டு இளம் உறுப்பினர்கள் எழுதி வைத்திருக்கிறார்கள். மூல நூலுக்குக் காப்புரிமைக் காலம் முடிந்து பல ஆண்டுகளாகிவிட்டன. அனுமதிக்கு யாரையும் தேடிப் போக வேண்டியதில்லை. கையெழுத்துப் படியைத் திருத்தி ஒரு சிறு புத்தகமாக அச்சிட ஆசை. அச்சகத்துக்கு முன்பணம் கட்டும் நிலையில் சங்கம் இல்லை. பாக்கிச் சந்தா வந்தாலே பாதிக் கவலை தீரும். மேற்கொண்டு தருபவர்களின் பெயர் நூலின் முதல் பக்கத்தில் இடம்பெறும். பொருளாளர் ரசீதுப் புத்தகத்தோடு வாசலருகே அமர்ந்திருக்கிறார்.

இவண்,
செயலாளர்