ஜன்னலுக்கு வெளியே ஒரு தட்டி கட்டிக்கொள்ள அனுமதி கேட்டு நான்காவது மனு

அனுப்புநர்:
பி பிளாக், மூன்றாம் மாடி, மேற்குப் பார்த்த வீட்டில் குடியிருப்பவர்
(மற்ற பதினோரு வீட்டார் கையெழுத்து பின்பக்கம் உள்ளது)
வேலூர்.

பெறுநர்:
உயர்திரு செயற்பொறியாளர் அவர்கள்.

நாள்: 15.04.2025

பொருள்: பி பிளாக் மேற்குப் பக்கத்து 12 வீடுகளின் ஜன்னல்களுக்கு வெளிப்புறம் மூங்கில் தட்டி மாட்டிக்கொள்ள அனுமதி வேண்டுதல் – தொடர்பாக.

பார்வை: எங்கள் மனுக்கள் – 2023 மே, 2024 மார்ச், 2024 ஜூலை. மூன்றுக்கும் பதில் வரவில்லை.

ஐயா, வணக்கம்.

எங்கள் குடியிருப்பைப் பற்றி உங்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. தண்ணீர்த் தொட்டிக்கு எதிரே, ரேஷன் கடைக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நிற்பது பி பிளாக். அந்த முதுகுப் பக்கம் மூன்று புளியமரங்கள் இருந்ததும், ரோடு அகலப்படுத்த அவற்றை வெட்டியதும் உங்களுக்கு ஞாபகம் இருக்கும். வெட்டிய அன்று யாரும் பெரிதாக நினைக்கவில்லை. துணி மேல் காக்கா எச்சம் விழாது என்று சந்தோஷப்பட்டவர்கள்கூட உண்டு, அதில் நானும் ஒருத்தி. அடுத்த சித்திரையில்தான் அந்த மரங்கள் இத்தனை வருஷம் எங்களுக்கு என்ன செய்துகொண்டிருந்தன என்று தெரிந்தது.

நேற்றுதான் சித்திரை பிறந்தது. கத்திரிக்கு இன்னும் பத்தொன்பது நாள் இருக்கிறது. அதற்குள் முடிவு சொல்லும்படி பணிவுடன் கேட்டுக்கொள்கிறோம்.

1. நாங்கள் பணம் கேட்கவில்லை. போன முறை நேரில் வந்து விசாரித்தபோது "நிதி வந்தால் பார்க்கலாம்" என்று சொல்லி அனுப்பினார்கள். தட்டி எங்கள் காசு, கம்பி எங்கள் காசு, மாட்டுகிற ஆள் கூலியும் எங்கள் காசு. வேண்டியது ஒரு கையெழுத்து மட்டும்.

2. என் வீட்டு நிலைமையைச் சொல்லிவிடுகிறேன், மற்ற பதினொன்றும் ஏறக்குறைய இதே கதைதான். என் மாமியாருக்கு எழுபத்தெட்டு வயது. இரண்டு வருஷமாகப் படுக்கையில் இருக்கிறார், இடது பக்கம் வராது. வீட்டில் இருப்பது ஒரு ஹால், ஒரு அறை. ஹாலில்தான் என் தையல் மிஷின், பையனின் படிப்பு, இரவில் மூன்று பேர் படுக்கை. அதனால் அவருடைய கட்டில் அறையில். அந்த அறைக்கு ஒரே ஜன்னல், அது மேற்கே பார்த்தது. ஐந்தடிக்கு நாலடி, நகர்த்துகிற கண்ணாடி, எப்படித் திறந்தாலும் பாதிதான் திறக்கும்.

மத்தியானம் இரண்டரைக்கு வெயில் ஜன்னல் ஓரத்தில் தரையைத் தொடும். மூன்றுக்குக் கட்டில் கால். மூன்றரைக்கு அத்தையின் பாதம். நாலு மணிக்கு முழங்கால். ஐந்து மணிக்கு வயிறு, அப்புறம் முகம். அவரால் புரண்டு படுக்க முடியாது, ஐயா. கட்டிலை இழுத்துப் போட்டால் என்ன என்பீர்கள். அறையே பத்துக்கு ஒன்பது. மூன்று மணிக்கு ஒரு தரம், நாலரைக்கு ஒரு தரம் இழுக்கிறேன். அதற்கு மேல் இழுத்தால் கதவு திறக்காது. ஐந்துக்கு மேல் போக இடமே இல்லாமல் ஒரு பழைய போர்வையைக் கதவுக்கும் கிரில்லுக்கும் குறுக்கே கட்டி, அதன் நிழலில் அவர் முகத்தை மறைக்கிறேன். போன மே மாதம் ஒரு நாள் அவசரமாக ஒரு பிளவுஸ் கொடுக்க வேண்டியிருந்தது, மிஷினில் உட்கார்ந்தவள் மணி பார்க்கவில்லை. அத்தை கூப்பிடவும் இல்லை, அவர் கூப்பிட மாட்டார், வேலைக்கு இடைஞ்சல் என்று நினைப்பார். ஓடிப் போய்ப் பார்த்தபோது அந்த உணர்ச்சியில்லாத இடது கால் செக்கச்செவேல் என்று இருந்தது. பக்கத்தில் ஸ்டூலில் வைத்திருந்த எவர்சில்வர் டம்ளரைக் கையால் எடுக்க முடியவில்லை, உள்ளே தண்ணீர் குளிக்கிற பதத்தில் இருந்தது. "சுடுதா அத்தை?" என்று கேட்டேன். "அந்தக் கால் எனக்குத் தெரியாதுடி" என்றார்.

இதை எழுதும்போதே எனக்குக் கை நடுங்குகிறது. மூன்று மனுவில் இதை எழுதவில்லை, வீட்டு விஷயத்தை ஆபீசில் எல்லாரும் படிப்பார்களே என்று கூச்சமாக இருந்தது. இப்போது கூச்சப்பட்டு என்ன ஆகப்போகிறது.

3. "உள்ளே திரை போட்டுக்கொள்ளுங்கள்" என்று எல்லாரும் சொல்லிவிட்டார்கள். போட்டோம், ஐயா. கனத்த துணியில் நானே தைத்தேன், இரண்டு மடிப்பு. மூன்றரை மணிக்கு அந்தத் திரையைத் தொட்டுப் பாருங்கள், இஸ்திரி பெட்டியை அப்போதுதான் எடுத்த துணி மாதிரி இருக்கும். வெயில் கண்ணாடியைத் தாண்டி உள்ளே வந்துதான் திரையில் படுகிறது. திரை சூடாகி, அந்தச் சூட்டை அறைக்குள்ளேயே விடுகிறது. வந்த வெளிச்சத்துக்கு வழி விடுகிற கண்ணாடி, திரும்பிப் போகிற சூட்டுக்கு வழி விடாது. இது நான் சொல்வதில்லை, பாலிடெக்னிக்கில் சிவில் படிக்கிற என் பையன் சொல்வது, உங்களுக்கு அவனைவிட நன்றாகத் தெரியும். விருந்தாளி வேண்டாம் என்றால் வாசலிலேயே சொல்ல வேண்டும், நடுக்கூடத்தில் பாய் போட்டு உட்கார வைத்துவிட்டுச் சொல்லக் கூடாது.

கட்டடத்தோடு சேர்த்துக் கட்டிய சன்ஷேடு இருக்கிறதே என்றும் கேட்டார்கள். இருக்கிறது, ஒன்றரை அடி. உச்சி வெயிலுக்கும் மழைக்கும் நல்லதுதான். ஆனால் நாலு மணி வெயில் தலைக்கு மேலிருந்தா வருகிறது? எதிரே மலைப்பக்கமிருந்து சாய்ந்து நேராக முகத்துக்கு வருகிறது. நாலு மணிக்கு சன்ஷேடின் நிழல் ஜன்னலில் மேலே ஒரு அடி விழுகிறது, ஐந்து மணிக்கு அரை அடி. மிச்சம் மூன்றரை அடி திறந்த வீடு. இதே சன்ஷேடைத்தான் நாலு பக்கமும் ஒரே அளவில் வைத்திருக்கிறார்கள், வடக்குக்கும் ஒன்றரை, மேற்குக்கும் ஒன்றரை. சூரியன் நாலு பக்கமும் ஒரே மாதிரி வருகிறது என்று யார் சொன்னார்களோ தெரியவில்லை.

4. 2023 ஏப்ரலில் நாங்களே மூங்கில் தட்டி வாங்கி வெளியே கட்டினோம். ஆறடிக்கு ஐந்தடி, 850 ரூபாய். ஜன்னலை ஒட்டி அடைக்காமல் ஒரு சாண் தள்ளிக் கட்டினால் இடையில் காற்று ஏறிப் போகும், தட்டி வாங்கும் சூடு உள்ளே வராது என்று மார்க்கெட்டில் தட்டி விற்கிற பெரியவர் சொல்லிக் கொடுத்தார். அப்படியே கட்டினோம். தண்ணீர் தெளித்தால் இன்னும் நல்லது. வெயில் தட்டியோடு நின்றது. ஜன்னலைத் திறந்தே வைத்தோம், காற்று வந்தது, எனக்கு ஊசி கோர்க்க வெளிச்சமும் இருந்தது. பையன் ஒரு தெர்மாமீட்டரை அறையில் தொங்கவிட்டிருந்தான். தட்டி இல்லாதபோது நாலு மணிக்கு 40, தட்டி கட்டிய வாரத்தில் 36. நாலு டிகிரிதானே என்று தோன்றலாம். அத்தை அந்த வாரம் மத்தியானம் தூங்கினார்.

பதினேழாவது நாள் ஆள் வந்து கட்டுக்கம்பியை வெட்டி எல்லா வீட்டுத் தட்டியையும் கீழே போட்டுவிட்டுப் போனார்கள். காரணம் கேட்டதற்குக் கட்டடத்தின் முகப்பு அழகு கெடுகிறதாம். பிறகு பச்சை வலை கட்டினோம், அதையும் அறுத்தார்கள்.

இப்போது ஒன்று சொல்கிறேன், கோபித்துக்கொள்ளக் கூடாது. போன வருஷம் ஒரு தலைவர் பிறந்தநாளுக்கு எங்கள் பிளாக்கின் அதே மேற்குப் பக்கம், மொட்டை மாடியிலிருந்து முதல் மாடி வரை ஒரு பிளக்ஸ் தொங்கவிட்டார்கள். எட்டு நாள் இருந்தது. என் வீட்டு ஜன்னல் அந்தத் தலைவரின் காதுக்குப் பின்னால் வந்தது. சத்தியமாகச் சொல்கிறேன், மரம் வெட்டிய பிறகு எங்கள் அறை ஓரளவு குளிர்ச்சியாக இருந்தது தட்டி கட்டிய அந்தப் பதினேழு நாளும் இந்த எட்டு நாளும்தான். அந்த எட்டு நாளும் முகப்பு அழகு எங்கே போயிருந்தது? தலைவர் பிளக்ஸ் மறைத்தால் அழகு, நோயாளி மேல் படுகிற வெயிலைத் தட்டி மறைத்தால் அசிங்கமா?

5. தட்டி காற்றில் பிய்ந்து யார் தலையிலாவது விழும் என்பது இரண்டாவது காரணம். இது நியாயமான பயம், ஒத்துக்கொள்கிறேன், மூன்றாம் மாடியில் வெறும் கட்டுக்கம்பியை நம்பக் கூடாது. அதனால்தான் போன மனுவிலேயே பையன் வரைந்த படம் வைத்திருந்தோம்: சன்ஷேடுக்கு அடியில் இரண்டு இரும்பு ஆங்கிள், அதில் போல்ட் போட்ட ஒரு குழாய், அதில் சுருட்டி ஏற்றி இறக்குகிற மூங்கில் தட்டி, கீழே இரண்டு முனையும் கிரில்லோடு கட்டுவது. கயிறு உள்ளே இருக்கும், புயல் என்றால் சுருட்டிவிடலாம். ஒரு தட்டி மூன்று கிலோகூட வராது. சி பிளாக்கில் நாலு ஏசி வெளி யூனிட் சுவரில் தொங்குகிறதே, ஒவ்வொன்றும் முப்பது கிலோ இருக்கும், அதற்கு அனுமதி இருக்கிறது. ஏசி வாங்க முடிந்தவனுக்கு அனுமதி, தட்டி வாங்க முடிந்தவளுக்கு இல்லை.

6. அழகு பற்றியும் ஒரு வார்த்தை. பையன் கல்லூரியில் புதுச்சேரிக்குக் கூட்டிப்போய், ஆசிரமத்தின் கோல்கொண்டே விடுதியைக் காட்டினார்களாம். 1930களின் கடைசியில் அந்தோனின் ரேமண்ட் என்பவர் கட்டத் தொடங்கியது. ஜன்னல் கண்ணாடியே கிடையாது, சுவர் முழுக்கத் திருப்பி வைக்கிற சாய்வுப் பலகைகள்தான் முகப்பு. வெயிலைத் தடுக்கிற அந்தப் பலகையைத்தான் உலகமே வந்து போட்டோ எடுக்கிறது. அவ்வளவு தூரம் போவானேன், வெள்ளைக்காரன் காலத்தில் இந்த ஊர் மாதிரி ஊர்களின் ஆபீஸ்களிலேயே வாசலுக்கும் ஜன்னலுக்கும் வெட்டிவேர் தட்டி தொங்கும், தண்ணீர் தெளிக்கவே ஆள் வைத்திருப்பார்கள். துரைக்குப் பொருந்தின தட்டி எங்கள் பிளாக்குக்குப் பொருந்தாதா?

12 வீட்டுக்கும் ஒரே நிறம், ஒரே அளவு என்று நீங்கள் சொன்னால் அப்படியே வாங்குகிறோம்.

7. அரசு சொன்னதையே சொல்கிறேன். வீடுகளுக்கான எரிசக்திச் சிக்கன விதிமுறை, ஈக்கோ நிவாஸ் சம்ஹிதா, 2018 டிசம்பரில் மத்திய அரசு வெளியிட்டது. சுவர் வழியாகவும் ஜன்னல் வழியாகவும் உள்ளே வரும் சூட்டுக்கு அதில் ஒரு வரம்பு இருக்கிறது, அதைக் கணக்குப் போடும்போது ஜன்னலுக்கு வெளியே இருக்கிற நிழலைத்தான் சேர்க்கச் சொல்கிறது. எங்கள் கட்டடம் அதற்கு முந்தியது, தெரியும், விதியைக் காட்டி யாரையும் குற்றம் சொல்ல வரவில்லை. அமெரிக்க எரிசக்தித் துறையும் மேற்கு ஜன்னலுக்கு வெளியே சாய்வு மறைப்பு போட்டால் ஜன்னல் வழியாக வரும் வெயில் சூடு 77 விழுக்காடு வரை குறையும் என்று எழுதி வைத்திருக்கிறது. போன அக்டோபரில் நம் தமிழ்நாட்டு அரசே வெப்ப அலையைப் பேரிடர் என்று அறிவித்தது. வெயிலில் செத்தால் குடும்பத்துக்கு நாலு லட்சம் நிவாரணம். செத்த பிறகு நாலு லட்சம் தரத் தயாராக இருக்கிற அரசு, உயிரோடு இருக்கும்போது 850 ரூபாய் தட்டியை, அதுவும் எங்கள் காசில் வாங்கியதை, ஏன் அறுக்கிறது?

மன்னிக்கவும். மரியாதைக் குறைவாக எழுதிவிட்டேன் என்று என் கணவர் சொல்கிறார். அடித்து எழுத வேறு தாள் இல்லை.

8. மொட்டை மாடிச் சூடு வேறு, அதைப் பற்றி இந்த மனுவில் கேட்கவில்லை. தட்டி போட்டால் வீடு ஊட்டி ஆகிவிடாது என்பதும் தெரியும், ராத்திரி பத்து மணிக்கும் அந்தச் சுவர் அடுப்பு மாதிரி கொதிக்கத்தான் போகிறது. அந்த ஒரு ஜன்னல் வெயில் நின்றால் போதும்.

ஆகவே ஐயா, பி பிளாக் மேற்குப் பக்கத்து 12 ஜன்னல்களுக்கும் எங்கள் செலவில், உங்கள் பொறியாளர் காட்டுகிற முறையில், வெளியே தட்டி மாட்ட அனுமதி தாருங்கள். மாட்ட முடியாது என்றால் நீங்களே பக்கப் பலகையோ சாய்வு ஷீட்டோ வைத்துத் தாருங்கள். இரண்டும் முடியாது என்றால் முடியாது என்றாவது எழுத்தில் கொடுங்கள், நாங்கள் அதை வைத்துக்கொண்டு மேலே போவோம். கத்திரிக்கு முன்னால் கொடுங்கள். கத்திரிக்கு முன்னால், ஐயா.

இப்படிக்கு,
பி பிளாக் மேற்குப் பக்கத்து 12 வீட்டார் சார்பாக,
மூன்றாம் மாடி வீட்டுக்காரி.

பின்குறிப்பு: முதல் மனு கொடுத்த பிறகு பார்வையிட ஒருவர் வந்தார். காலை பத்தரை மணிக்கு வந்தார். ஃபேன் கீழே ஐந்து நிமிஷம் நின்று, "நல்லா காத்தோட்டமாத்தானே இருக்கு" என்று சொல்லிவிட்டு மோர் குடித்துவிட்டுப் போனார். இந்த முறை யாரையாவது அனுப்புவதானால் சாயங்காலம் நாலு மணிக்கு அனுப்பி வையுங்கள். ஸ்டூலில் டம்ளர் இருக்கும்.