கோவை 1900: யாருக்கு நினைவிருக்கிறது?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற இதழில் வந்த நிலநடுக்கக் கட்டுரையைப் படித்தேன். இமயமலை, குஜராத், அந்தமான் பற்றியெல்லாம் விரிவாக எழுதிவிட்டு, கொங்கு நாட்டுக்கு இந்தக் கவலை வேண்டாம் என்று ஒரே வரியில் முடித்திருந்தது உறுத்தலாக இருந்தது. பள்ளியில் புவியியல் நடத்தி ஓய்வு பெற்றவள் நான். எழுதாமல் இருக்க முடியவில்லை.

1900 பிப்ரவரி 8 அதிகாலையில் கோவைப் பகுதியில் நிலம் நடுங்கியது. அளவு ஏறத்தாழ 6. தென்னிந்தியாவின் பெரும்பகுதியில் அதிர்வு தெரிந்தது. இது நம் ஊர்ச் சங்கதி. ஆனால் என்னிடம் படித்த பிள்ளைகளின் பாட்டன்மாரில் கூட இதைக் கேள்விப்பட்டவர்கள் அபூர்வம்.

கலிபோர்னியாவில் மகள் வீட்டுக்குப் போயிருந்தபோது, மாப்பிள்ளையிடம் கேட்டு கரிசோ சமவெளிக்குப் போனேன். புவியோட்டின் இரண்டு பெரிய தட்டுகள் உரசும் எல்லையான சான் ஆண்ட்ரியாஸ் பிளவைத் தரையில் நின்றே பார்க்கக்கூடிய இடம் அது. காங்கேயத்துக் கொறங்காட்டின் (மேய்ச்சல் நிலத்தின்) கிளுவை வேலிகளை எடுத்துவிட்டுக் கண்ணுக்கு எட்டிய தூரம் இழுத்துவிட்டால் எப்படியோ அப்படி இருக்கிறது. பெட்ரோல் பங்க் இல்லை, குடிதண்ணீர் இல்லை. மழை பெய்தால் மண்சாலையில் வண்டி ஓடாது.

அங்கே வாலஸ் கிரீக் என்று ஒரு பள்ளம், அதாவது சிற்றோடை. டெம்ப்ளர் மலையிலிருந்து தென்மேற்காக இறங்கி வருவது, பிளவைத் தொட்டதும் வலப்பக்கம் திரும்பி, பிளவை ஒட்டியே 130 மீட்டர் ஓடி, மறுபடி இடப்பக்கம் திரும்பிச் சமவெளியில் இறங்குகிறது. ஒரு காலத்தில் நேராக ஓடிய பள்ளம்தான். பிளவுக்கு அப்பால் இருக்கும் நிலம் வடமேற்காக நகர்ந்தபோது பள்ளத்தின் கீழ்ப்பாதியையும் கூட்டிக்கொண்டு போய்விட்டது. இவ்வளவு தூரம் நகர ஏறத்தாழ 3,700 ஆண்டுகள் ஆகியிருக்கின்றன. சராசரி ஆண்டுக்கு மூன்றரை சென்டிமீட்டர் வரும். ஆனால் ஆண்டுதோறும் அளந்து நகர்வதில்லை. பாறைகள் பிடித்துக்கொண்டு நிற்கும், இறுக்கம் ஏறிக்கொண்டே போகும், தாங்க முடியாத நாளில் ஒரே வீச்சில் மீட்டர் கணக்கில் நழுவும். 1857 ஜனவரி 9 அன்று அதுதான் நடந்தது. அளவு 7.9. 300 கிலோமீட்டருக்கும் அதிகமான நீளத்துக்கு நிலம் பிளந்தது. அந்தத் திருப்பத்தில் நின்றபோது, கரும்பலகையில் நான் வரைந்து காட்டிய அம்புக்குறிகள் எவ்வளவு போதாதவை என்று பட்டது. ஒவ்வொரு புவியியல் ஆசிரியரையும் அங்கே கூட்டிப் போக வேண்டும் என்று ஆசையாக இருந்தது.

அங்கே மழை குறைவு, உழவும் குறைவு. நிலத்தில் விழுந்த வடு அழியாமல் நிற்கிறது. நம் ஊரில் அப்படிக் கண்ணால் பார்க்க ஒன்றும் கிடைக்காது. பாலக்காட்டுக் கணவாயிலிருந்து காவிரி வரையிலும், மோயாறு–பவானி வழியாகவும், பல கோடி ஆண்டுகளுக்கு முன் பாறைகள் நொறுங்கி நழுவிய பட்டைகள் ஓடுகின்றன. இரண்டு தட்டுகள் உரசும் எல்லை அல்ல இது. அதனால் பெரிய அதிர்வுகள் அபூர்வம், மறதியோ சுலபம். மகாராஷ்டிரத்தின் லாத்தூரும் அப்படித்தான் இருந்தது. அன்றைய வரைபடத்தில் மிகக் குறைந்த அபாயப் பகுதி. 1993 செப்டம்பர் 30 அதிகாலையில் 6.2 அளவில் அதிர்ந்து, சுமார் 10,000 பேரைக் கொண்டுபோனது. கோவையின் 1900 அதிர்வும் ஏறக்குறைய அதே அளவுதான். 2002 இந்தியத் தர நிர்ணய அமைவன வரைபடம் கோவையை மிதமான அபாயமுள்ள மூன்றாம் மண்டலத்தில் வைத்தது சும்மா இல்லை.

இன்று கோவையிலும் திருப்பூரிலும் கீழ்த்தளத்தில் வெறும் தூண்களை நிறுத்திக் கார் விட்டு, மேலே நான்கைந்து மாடி எழுப்புகிறார்கள். 2001 பூஜ் நிலநடுக்கத்தில், 200 கிலோமீட்டருக்கும் அப்பால் இருந்த அகமதாபாத்தில் இந்த வகைக் கட்டடங்கள் பல அமர்ந்துபோயின. வீடு வாங்கும்போது தண்ணீர் வசதி கேட்கிறோம், வாஸ்து கேட்கிறோம். நிலநடுக்க விதிப்படி கம்பி கட்டியிருக்கிறதா என்று கேட்பவர் எத்தனை பேர்?

நிலம் காட்டாததைக் காகிதம்தான் காட்ட வேண்டும். 1900 அதிர்வைப் பற்றிய குறிப்புகள் கோயில் கணக்கிலோ, தேவாலயப் பதிவேட்டிலோ, நீலகிரித் தோட்டத்து நாட்குறிப்பிலோ, பழைய குடும்பக் கடிதத்திலோ இருக்கக்கூடும். அவற்றை அனுப்பச் சொல்லித் தங்கள் இதழில் ஒரு அறிவிப்பு வெளியிட வேண்டுகிறேன். வருகிறவற்றை ஊர்வாரியாகப் பிரித்துத் தொகுத்துத் தர நான் தயார்.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற புவியியல் ஆசிரியை,
பல்லடம்.